பால்கனி அறையா, உள்ளறையா?

தேனிலவுக் கப்பலுக்கு மாப்பிள்ளை பால்கனி அறை கேட்கிறார். பாம்பனில் பிறந்த என் தங்கைக்கோ கடல் புதிதில்லை. ஜன்னலில்லாத உள்ளறை எடுத்து, மிச்சக் காசில் கரையிறங்கிச் சுற்றலாம் என்கிறாள்.

உள்ளறையின் பெரிய லாபம் விலைதான். விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவு, விடிந்ததே தெரியாது. தூங்க மட்டும் அறைக்கு வருவோருக்கு அது குறையில்லை. புதுமணத் தம்பதி அப்படியா?

பால்கனியில் யார் கண்ணும் படாமல் இருவரும் காபி குடிக்கலாம். கூட்டுக் குடும்பத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இந்த அறைகள் பெரும்பாலும் மேல் தளங்களில்தான். உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும். நம்மூர் வள்ளத்தில் அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்தவனைத்தான் அலை தூக்கிப் போடும், நடுவில் இருப்பவனை அவ்வளவாக இல்லை. கப்பலுக்கும் அதே கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசினால் பால்கனிக் கதவைத் திறக்கவே மனம் வராது.

இரண்டே இரவுப் பயணமென்றால் தங்கை சொல்வது சரி. அதற்கு மேலென்றால் என் ஓட்டு மாப்பிள்ளைக்கு, ஆனால் கப்பலின் நடுப்பகுதியில். சில பால்கனிகளுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும்; தளப்படம் பார்த்த பிறகே பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.