ரெப், எரிக், பாக்ஸ்: மண் பாக்டீரியாவின் திரிபைக் கண்டுபிடிக்க எந்த பிரைமர்?

பயறு விதையோடு ரைசோபியம் (வேர் முடிச்சில் வாழ்ந்து நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியா) கலந்து விதைத்தாயிற்று. சில வாரம் கழித்து வேர் முடிச்சிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்க்கிறோம். அது நாம் இட்ட திரிபா (ஒரே இனத்துக்குள் உள்ள ஒரு வகை), மண்ணில் முன்பே இருந்ததா? 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் படித்தால் இனம் தெரியும். ஒரே இனத்தின் இரண்டு திரிபுகளைப் பெரும்பாலும் அது பிரித்துக் காட்டாது.

இந்த இடத்தில்தான் மரபுத்தொகையில் (உயிரியின் முழு டிஎன்ஏவில்) திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் கைகொடுக்கின்றன. ரெப், எரிக், பாக்ஸ் அப்படிப்பட்ட மூன்று வரிசைகள். அவற்றில் பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டை) ஒட்டவைத்து பிசிஆர் என்ற டிஎன்ஏ பெருக்கும் முறையைச் செய்தால், அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள டிஎன்ஏ பெருகும். அந்த இடைவெளிகள் திரிபுக்குத் திரிபு மாறுவதால் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் விழும் பட்டைகளும் மாறும். 1991-இல் அறிமுகமான இந்த முறையை, 1992-இல் ரெப், எரிக் பிரைமர்களைக் கொண்டு ரைசோபியம் மெலிலோட்டியிலும் வேறு மண் பாக்டீரியாக்களிலும் பயன்படுத்திக் காட்டினார்கள்.

ரெப் வரிசை சிறியது, 35 முதல் 40 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்). அதன் பிரைமர்களில் எதனோடும் ஓரளவு இணையும் இனோசின் உண்டு; ஒட்டும் வெப்பநிலையும் வெறும் 40 டிகிரி. பிடி தளர்வாக இருப்பதால், டிஎன்ஏ அளவு சற்று மாறினாலும் மங்கலான பட்டைகள் வரும், போகும். நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

எரிக் பிரைமர்கள் 22 காரங்கள் கொண்டவை, 52 டிகிரியில் ஒட்டும். ஆனால் எரிக் வரிசை முதலில் தெரியவந்தது ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்களில். உண்மையான எரிக் வரிசை இல்லாத உயிரிகளிலும் இந்த பிரைமர்கள் பட்டை தரும் என்று 1997-இல் எச்சரித்தார்கள். திரிபை அடையாளம் காண மட்டும் என்றால் இது தடையில்லை. ஒவ்வொரு முறையும் அதே பட்டைகள் வந்தால் போதும். ‘என் பாக்டீரியாவில் எரிக் இருக்கிறது’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.

என் முதல் தேர்வு பாக்ஸ். நிமோனியா தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் 1992-இல் விவரிக்கப்பட்ட வரிசை இது. ஒரே ஒரு பிரைமர், 53 டிகிரி. கலவையில் தவறு நேர வாய்ப்பு குறைவு. பட்டைகளும் நிறைய விழும், அதனால் நெருங்கிய திரிபுகள்கூடப் பிரியும். பாக்ஸில் ஒன்றாகத் தெரியும் இரண்டை எரிக்கில் ஓட்டிப் பார்ப்பேன். இரண்டிலும் ஒத்துப்போனால் ஒரே திரிபு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

மரபுத்தொகையில் எங்கெங்கோ ஒட்டும் 10 காரப் பிரைமர் கொண்ட ஆர்ஏபிடி முறை இதைவிடத் தளர்வானது, இங்கே தேவையில்லை. முழு மரபுத்தொகை வாசிப்பு எல்லாவற்றையும் சொல்லும்தான். ஆனால் நூற்றுக்கணக்கான காலனிகள் இருந்தால், முதலில் பாக்ஸில் குழு பிரித்து, குழுவுக்கு ஒன்றை வாசிக்க அனுப்புவதே நல்லது.

எந்த பிரைமர் என்றாலும் சரி, நாம் இட்ட மூலத் திரிபையும் டிஎன்ஏ சேர்க்காத குழாயையும் அதே ஜெல்லில் பக்கத்தில் ஓட்ட வேண்டும். வேறு வேறு நாளில் ஓட்டிய ஜெல்களைக் கண்ணால் ஒப்பிடுவது ஆபத்து. அப்புறம், முடிச்சு உண்டாக்கும் திறனை இந்தப் பட்டைகள் சொல்லாது. மெலிலோட்டியில் அதற்கான நாட் மரபணுக்கள் ஒரு பெரிய பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டிஎன்ஏவில்) இருக்கின்றன. அவற்றில் ஒன்றான நாட்சி மரபணுவைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.