பிஎஸ்2-வில் வட்டுக்குப் பதில் எது: பென்டிரைவா, எஸ்டி கார்டா, நெட்வொர்க்கா, ஹார்டு டிஸ்க்கா?

பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த பிளேஸ்டேஷன் 2-ஐ எடுத்து ஓட்டினால், பெரும்பாலும் முதலில் கைவிரிப்பது லென்ஸ்தான். வட்டு சுற்றும், நிற்கும், இரண்டு தடவை முனகும், பிறகு அந்தச் சிவப்புத் திரை வந்துவிடும். மற்றபடி கருவி திடமாகவே இருக்கும். 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்து, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற கன்சோல் இது. வட்டு ஓடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தூக்கிப் போட எனக்கு மனசு ஒப்பாது. நம்மிடம் இருக்கும் விளையாட்டு வட்டுகளைக் கணினியின் டிவிடி டிரைவில் போட்டு ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது வட்டின் முழு நகலாக, எடுத்துக்கொண்டு, வேறொரு சேமிப்பிலிருந்து ஓட்ட நாலு வழிகள் இருக்கின்றன. நாலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த பென்டிரைவ் நல்லது, எந்தக் கார்டு வேகம் என்று பலர் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். பிஎஸ்2 விஷயத்தில் அந்தத் தேடலால் பெரிய பயன் கிடையாது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாயின் வாய் அளவுக்குத்தானே தண்ணீர் வரும்? இங்கே குழாய் என்பது கன்சோலில் நீங்கள் செருகும் துளை. அந்தத் துளையைப் பார்த்து முடிவெடுங்கள். செருகும் பொருள் அப்புறம்.

முதலில் உள்ளே நுழைய வேண்டும்

எதைச் செருகினாலும் பிஎஸ்2 அதைத் தானாகக் கண்டுகொள்ளாது. வெளி மென்பொருளை ஓட்ட ஒரு வழி திறக்க வேண்டும். ஆன் செய்யும்போது மெமரி கார்டில் சிஸ்டம் அப்டேட் ஏதாவது இருக்கிறதா என்று இந்த கன்சோல் பார்க்கும். ஃப்ரீ எம்சி பூட் என்ற மென்பொருள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கார்டைச் செருகி ஆன் செய்தால் மெனுவே மாறியிருக்கும். அங்கிருந்து, விளையாட்டுக் கோப்புகளை ஓட்டும் ஓபன் பிஎஸ்2 லோடரை, அதாவது எல்லோரும் ஓபிஎல் என்று சொல்வதை, திறந்துவிடலாம். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி. ஒரே நிபந்தனை, கார்டு மேஜிக்கேட் என்ற பாதுகாப்பு வசதி உள்ளதாக இருக்க வேண்டும். அது இல்லாத மலிவுக் கார்டுகளில் ஏறாது.

கடைசியாக வந்த 90000 மாடல் வரிசையில், பயாஸ் (கன்சோலின் அடிப்படை மென்பொருள்) 2.30 உள்ள ஸ்லிம், அதாவது மெலிந்த, கன்சோல்களில் அந்த அப்டேட் வழியை அடைத்துவிட்டார்கள். அவற்றுக்கு, அதே மாதிரி கார்டில் ஏற்றும் ஓபன்ட்யூனா என்ற மென்பொருள். மெமரி கார்டு உலாவியைத் திறந்தால் வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு படி கூடுதல், அவ்வளவுதான்.

2020-ல் வந்த ஃப்ரீ டிவிடி பூட் வேறு மாதிரி. கன்சோலின் டிவிடி பிளேயரில் இருக்கும் ஓட்டை வழியாக, நாமே எழுதிய ஒரு டிவிடியைப் போட்டால் நுழைந்துவிடலாம். ஆனால் லென்ஸ் செத்துப்போனவருக்கு இது உதவாது என்பது சொல்லாமலே தெரியும். ஓரளவு படிக்கும் லென்ஸ் இருந்தால், இதை ஒரே ஒரு தடவை பயன்படுத்தி உள்ளே போய், ஃப்ரீ எம்சி பூட்டைக் கார்டில் ஏற்றிக்கொண்டு, டிவிடியை மறந்துவிடலாம். கன்சோலின் மொழி ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி: எல்லோரும் தொடங்கும் இடம்

சரி, சேமிப்புக்கு வருவோம். முன்பக்கம் இரண்டு யுஎஸ்பி துளை இருக்கிறது, வீட்டில் பென்டிரைவ் கிடக்கிறது. யாருக்கும் இதுதான் முதலில் தோன்றும். சிக்கல் என்னவென்றால் அது யுஎஸ்பி 1.1. நொடிக்கு 12 மெகாபிட். வகுத்துப் பார்த்தால் கணக்குக்கே நொடிக்கு 1.5 எம்பி, நடைமுறையில் அதற்கும் கீழே. கன்சோலின் சொந்த டிவிடி டிரைவ் 4எக்ஸ் வேகத்தில் நொடிக்கு 5 எம்பிக்கு மேல் படிக்கும். ஆக, வட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் குறைவான வேகத்தில்தான் யுஎஸ்பி ஓடுகிறது. விளையாட்டை உருவாக்கியவர்கள் வட்டின் வேகத்தை நம்பித்தானே எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார்கள்?

இது எங்கே தெரியும் என்றால் கட்சீனில், அதாவது கதை சொல்லும் இடைக்காட்சியில். ஒரு சாகச விளையாட்டின் தொடக்கக் காட்சியை பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன். கதாபாத்திரம் வாயைத் திறந்தது, ஒரு சொல் வந்தது, படம் அப்படியே உறைந்தது. மறுபடி அரைச் சொல். பின்னணி இசை துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது மாதிரி கேட்டது. காட்சி முடிந்து விளையாட்டு தொடங்கியதும் எல்லாம் சீராகிவிட்டது, எந்தக் குறையும் இல்லை. சண்டை விளையாட்டுகள், ஒரு சுற்றை முழுசாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுபவை, இவற்றுக்கு யுஎஸ்பி போதும். ஓட ஓட உலகத்தை ஏற்றிக்கொண்டே போகும் பெரிய விளையாட்டுகளுக்கு ஆகாது.

பென்டிரைவுக்குப் பதில் புது எஸ்எஸ்டியைச் செருகினாலும் இதே கதைதான். ஒருவர்கூட அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சுற்றும் ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் மின்சாரம் போதாமல் போகும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறை, அதாவது ஃபார்மேட் விஷயத்தில் ஃபாட்32-க்கும் எக்ஸ்ஃபாட்டுக்கும் போட்டி. ஃபாட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரும்பாலான விளையாட்டுகள் அதற்குள் அடங்கிவிடும். காட் ஆஃப் வார் 2 போல இரட்டை அடுக்கு வட்டில் வந்தவை அடங்காது. யுஎஸ்பியூட்டில் என்ற கணினி மென்பொருள் கொண்டு ஒரு ஜிபித் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஓபிஎல்லின் 1.2.0 பீட்டா பதிப்புகள் எக்ஸ்ஃபாட்டைப் படிக்கும் என்பதால் இப்போது அந்த வெட்டும் வேலை தேவையில்லை. நான் எக்ஸ்ஃபாட் பக்கம். டிரைவைப் பிரிக்கும் பார்ட்டிஷன் முறை எம்பிஆர் என்ற பழைய வகையாக இருக்கட்டும், டிவிடி, சிடி என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் இரண்டு ஃபோல்டர் இருக்கட்டும். இன்னொன்று: கோப்பு டிரைவில் சிதறியிருந்தால் ஓபிஎல் முரண்டுபிடிக்கும். அழித்து அழித்து எழுதிய பென்டிரைவில்தான் இந்தத் தொல்லை வரும். எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்து, ஃபார்மேட் செய்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும்.

எஸ்டி கார்டு

எம்எக்ஸ்4எஸ்ஐஓ என்பது மெமரி கார்டு துளையில் செருகும் சின்ன அடாப்டர். அதற்குள் எஸ்டி கார்டு போகும். யுஎஸ்பியைவிடக் கொஞ்சம் வேகம், ஆனால் வட்டின் வேகத்தை எட்டாது. கட்சீன் திக்கல் குறையும், முழுசாகப் போகாது. கன்சோலுக்கு வெளியே எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது என்பது எனக்குப் பிடித்த அம்சம். இரண்டாவது துளையில் போட வேண்டும், முதல் துளையில் ஃப்ரீ எம்சி பூட் கார்டு. அப்போது இன்னொரு மெமரி கார்டுக்கு இடமில்லை. சில எஸ்டி கார்டுகளை இது ஏற்காமல் அடம்பிடிக்கும். ஒன்று ஓடவில்லை என்றால் அடாப்டரைக் குறைசொல்லும் முன் வேறு கார்டு போட்டுப் பாருங்கள். ஸ்லிம் கன்சோல் வைத்திருந்து, கேபிள் இழுக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு இதையே சொல்வேன்.

நெட்வொர்க்: ஸ்லிம்மின் மறைந்த பலம்

2004-இல் வந்த 70000 வரிசையிலிருந்து ஸ்லிம் கன்சோல்களில் ஈதர்நெட் துளை உள்ளேயே இருக்கிறது. 100 மெகாபிட். யுஎஸ்பியோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு அகலமான வழி. விளையாட்டுக் கோப்புகளைக் கணினியில் வைத்து ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால் ஓபிஎல் கேபிள் வழியாகவே இழுத்து ஓட்டும். பென்டிரைவில் திக்கிய அதே தொடக்கக் காட்சியை இதில் ஓட்டினேன். முழுசாக, வாயும் சொல்லும் பொருந்தி வந்தது. அந்த நிம்மதியை அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் தயக்கம் இல்லாமல் இதைப் பரிந்துரைக்க முடியவில்லை. ஓபிஎல் பேசுவது, ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் முறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பு. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற நாசகார மென்பொருள் உலகம் முழுக்கப் பரவியது இந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. பிஎஸ்2-வுக்காக அதை நாமே திரும்பத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கு பார்க்கும், குடும்பப் படங்கள் வைத்திருக்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். ராஸ்பெரி பை போன்ற ஒரு சின்ன கணினியில் எஸ்எம்பி பேசும் சாம்பா மென்பொருளை நிறுவி, குறைந்தபட்சப் பதிப்பாக என்டி1 (அந்த முதல் பதிப்பின் பெயர்) என்று கொடுத்து, அதையும் கன்சோலையும் ஒரே கேபிளில் நேராக இணைத்துவிடுங்கள். வீட்டு நெட்வொர்க்கை அது தொடவே வேண்டாம். ஐபி முகவரியை இரண்டு பக்கமும் கையால் கொடுக்க வேண்டும், அது பத்து நிமிஷ வேலை.

ஹார்டு டிஸ்க்

தடித்த பழைய பிஎஸ்2, அதாவது 30000-த்திலிருந்து 50000 வரையிலான வரிசை உங்களிடம் இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். பின்பக்கம் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு 3.5 அங்குல டிஸ்க் அப்படியே உட்காரும் குகை தெரியும். இது யாரோ பிற்பாடு கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை. கன்சோலைச் செய்தவர்களே விட்டுவைத்த இடம். 2004-இல் அமெரிக்காவில் ஃபைனல் ஃபேண்டஸி 11 வந்தபோது 40 ஜிபி டிஸ்க்கோடு சேர்த்தே விற்றார்கள். பின்பக்கம் மாட்டும் நெட்வொர்க் அடாப்டரில் டிஸ்க்குக்கான ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு இருக்கிறது. டிஸ்க்கை அதில் பொருத்தி, உள்ளே தள்ளி, இரண்டு பெரிய திருகுகளை ஒரு நாணயத்தால் திருகினால் முடிந்தது. பழைய ஐடிஇ டிஸ்க் கிடைக்கவில்லை என்றால், அடாப்டரின் உள்பலகையை மாற்றி, அதற்குப் பின் வந்த சாட்டா வகை டிஸ்க் போடலாம். 2 டிபி வரை ஏற்கும்.

வேகத்தில் வட்டையே பின்னுக்குத் தள்ளிவிடும். லோடிங் திரையில் எழுத்தைப் படித்து முடிக்குமுன் அடுத்த காட்சி வந்துவிடும். கட்சீன் திக்கல் என்ற பேச்சே கிடையாது. ஃப்ரீ எச்டி பூட் ஏற்றிவிட்டால் மெமரி கார்டுகூட இல்லாமல் நேராக டிஸ்க்கிலிருந்தே கிளம்பும்.

இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான். பிஎஸ்2 தன் டிஸ்க்கை ஏபிஏ என்ற தனிமுறையில் பிரித்து வைக்கும். கணினிக்கு அது புரியாது. விளையாட்டு ஏற்றுவதற்காக டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால், இது தயார் செய்யப்படாத டிஸ்க், தயார் செய்யவா என்று கணினி கேட்கும். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நான் 'சரி' கொடுத்துவிட்டேன். டிஸ்க்கின் தொடக்கப் பகுதி அழிந்தது. திரும்ப கன்சோலில் மாட்டியபோது ஃபார்மேட் செய்யாத டிஸ்க் என்றது. ஒரு வாரமாக ஒவ்வொன்றாக ஏற்றிய விளையாட்டுகள் அத்தனையும் போயின. கேன்சலை மட்டும் அழுத்துங்கள். ஃபார்மேட்டை கன்சோலிலேயே, யூலாஞ்ச்எல்ஃப் என்ற கோப்பு மேலாளர் உள்ளே இருக்கும் எச்டிடி மேனேஜரில் செய்யுங்கள். விளையாட்டு ஏற்ற எச்டிஎல் டம்ப் போன்ற கருவி வேண்டும், கோப்பை இழுத்துப் போட முடியாது. ஓபிஎல்லின் புதிய பீட்டா பதிப்புகள் உள் டிஸ்க்கையும் எக்ஸ்ஃபாட்டில் படிக்கத் தொடங்கிவிட்டதால், புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்த வழியையும் பார்க்கலாம்.

சேவ் எங்கே போகும்?

இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சொந்த மெமரி கார்டு 8 எம்பி. அது நிறைந்துவிட்டால் ஓபிஎல்லில் விஎம்சி என்ற கற்பனைக் கார்டு வைத்துக்கொள்ளலாம், விளையாட்டுக்கு ஒன்று என்றுகூட. ஹார்டு டிஸ்க்கிலும் நெட்வொர்க்கிலும் நான் விஎம்சி வைக்கிறேன். பென்டிரைவில் வைப்பதில்லை, சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவை யாராவது பிடுங்கிவிட்டால் மொத்தக் கார்டும் கெட்டுப்போகும். பென்டிரைவில் விளையாடுபவர்கள் நிஜ மெமரி கார்டிலேயே சேவ் செய்யட்டும்.

உள்ளே நுழைந்ததும், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, முதல் வேலையாக யூலாஞ்ச்எல்ஃப் திறந்து பழைய கார்டில் இருப்பதைப் பென்டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். ஃபோல்டர் பெயர்கள் பிஏஎஸ்எல்யுஎஸ், பிஇஎஸ்எல்இஎஸ் என்று தொடங்கி எண்களாக நீளும், எது எந்த விளையாட்டு என்று பார்த்தவுடன் புரியாது. பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அத்தனையையும் எடுங்கள். இந்த ஒரு வேலைக்கு யுஎஸ்பி 1.1-இன் வேகம் தாராளம்.