4×5 கேமராவுக்கு பாத்ரூம் கண்ணாடி: கோவையில் பார்சலும் சர்வீஸும் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கொங்குப் பக்கம் லார்ஜ் ஃபார்மட் கேமரா (4×5 அங்குலம் மாதிரி பெரிய ஃபிலிம் தாளில் ஒவ்வொன்றாகப் படம் எடுப்பது) வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதை மாட்டிக் கொடுத்தாலும் கேட்க ஆளில்லை என்ற தைரியம் சிலருக்கு அதனாலேயே வந்துவிடுகிறது. கீழே சொல்வது ஒரே கேமராவுக்கு அடுத்தடுத்து நடந்த இரண்டு ஏமாற்று. பெயர் போடவில்லை.

150 மி.மீ. லென்ஸுடன் ஒரு 4×5 மோனோரெயில் கேமரா (லென்ஸைத் தாங்கும் முன் ஸ்டாண்டர்டும் ஃபிலிமைத் தாங்கும் பின் ஸ்டாண்டர்டும் ஒரே ரெயிலில் நகரும், நடுவே துருத்தி மாதிரி பெல்லோஸ்), கோவையிலிருந்து கரூருக்கு லாரி பார்சல். "மரப்பெட்டி அடித்து அனுப்புகிறோம்" என்று பில்லில் 1,400 ரூபாய் தனியாகவே போட்டிருந்தது. வந்து சேர்ந்தது ஒற்றை அட்டைப்பெட்டி, நாலு மூலைக்கும் தெர்மாகோல். ஆணி ஒன்றுகூட இல்லை. பின்னால், பிம்பம் பார்த்து ஃபோகஸ் செய்யும் கிரவுண்ட் கிளாஸ் (ஒரு பக்கம் சொரசொரப்பான கண்ணாடி) நட்சத்திரமாய் விரிசல் விட்டிருந்தது.

அந்த விரிசலைப் பார்த்தாலே காரணம் தெரியும். அடி விழுந்தது உள்பக்கத்திலிருந்து. லென்ஸைக் கழற்றாமல் பெல்லோஸை மடித்துக் கட்டியிருக்கிறார்கள். லாரி அதிர்வில் முன் ஸ்டாண்டர்டின் பூட்டு இளகி, ரெயிலில் வழுக்கி வந்து, லென்ஸின் பின்குழல் கண்ணாடியில் இடித்திருக்கிறது. இத்தனைக்கும் பெட்டியின் வெளியே ஒரு கீறல் இல்லை. "பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்று பார்சல் அலுவலகத்தில் கைவிரிக்க அது வசதியாகப் போயிற்று.

அடுத்தது சர்வீஸ் கடை. "ஒரிஜினல் கிளாஸ்" என்று சொல்லி 3,500 ரூபாய் வாங்கினார்கள். மாட்டியது 3 மி.மீ. பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி. அதையும் சொரசொரப்பான பக்கம் வெளியே பார்க்க வைத்து. விவரம் தெரிந்தவர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம்: நல்ல கிரவுண்ட் கிளாஸில் பெரும்பாலும் நாலு மூலையும் வெட்டியிருக்கும். பெல்லோஸை மடிக்கும்போது காற்று வெளியேறவும், மூலை வழியாக லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரைப் பார்த்து படத்தின் ஓரம் இருட்டாகுமா என்று தெரிந்துகொள்ளவும்தான் அந்த வெட்டு. இதில் நாலு மூலையும் முழுசு.

சொரசொரப்பு எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அங்கேதான் விஷயமே. அந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்து, ஹோல்டரில் (ஃபிலிம் தாளைச் செருகும் சட்டம்) ஃபிலிம் நிற்கும் அதே தளத்தில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் வெளிச்சம் 3 மி.மீ. கண்ணாடியைக் கடந்த பிறகுதான் பிம்பம் தெரியும். ஒளிவிலகலைக் கழித்தாலும் ஃபோகஸ் 2 மி.மீ. தள்ளிப் போகும். லென்ஸ் ஃபிலிமுக்கு 2 மி.மீ. கிட்டே நின்றுவிடுவதால் கூர்மை ஆளுக்குப் பின்னால் விழும். 150 மி.மீ. லென்ஸில், 2 மீட்டரில் உட்கார்ந்தவரின் மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தால், கூர்மை விழுவது அவருக்கு 36 செ.மீ. பின்னால். முகம் பஞ்சு மாதிரி, நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் தேதிகூடப் படிக்கலாம். தூரத்து மலையை எடுத்தால் எதுவுமே ஃபோகஸில் இருக்காது.

கடைக்காரர் காட்டிய டெஸ்ட் நெகட்டிவ் மட்டும் நல்ல கூர்மை. அது எஃப் 22-ல், அதாவது துளையைச் சிறிதாக்கி எடுத்தது. அந்த அப்பர்ச்சரில் 2 மி.மீ. பிழை ஏறக்குறைய மறைந்துவிடும், துளை பெரிதாக இருக்கும் எஃப் 5.6-ல் அரை மி.மீ. தாண்டினாலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எவர் டெஸ்ட் காட்டினாலும் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்ததைக் கேளுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் சோதிக்க இரண்டு வழி. திருப்பூர் நூல் கோன் ஐந்தை 10 செ.மீ. இடைவெளியில் சாய்வரிசையாக வைத்து, முன்னாலிருந்து ஒவ்வொன்றிலும் எண் எழுதி, கிரவுண்ட் கிளாஸில் லூப் (உருப்பெருக்கி) வைத்து நடுக் கோனில் ஃபோகஸ் செய்து, எஃப் 5.6-ல் ஒரு ஷீட் ஃபிலிம். ஃபிலிம் வீணாக வேண்டாமென்றால் பிரிண்டிங் பேப்பரை 4×5-க்கு வெட்டிப் போடலாம். மூன்றாம் எண் கூர்மையாக வரவேண்டும், நான்காவதோ ஐந்தாவதோ அல்ல. இன்னொன்று டெப்த் வெர்னியர், ஆழம் அளக்கும் கருவி. கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். கழிவு ஷீட் ஒன்றை ஹோல்டரில் போட்டு விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை அளந்துகொள்ளுங்கள். கேமராவின் பின்பக்கத்தில் ஹோல்டர் உட்காரும் தளத்திலிருந்து கண்ணாடியின் சொரசொரப்பு வரை அதே அளவு வரவேண்டும். (காலி 4×5 ஹோல்டரில் ஆழம் 0.197 அங்குலம், சுமார் 5 மி.மீ. 8×10-க்கு 0.260.) வெர்னியர் முனையை அழுத்தாதீர்கள், கண்ணாடி கீறும்.

உண்மையில் இந்த வேலைக்குக் கடையே வேண்டியதில்லை. 2 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 600 நம்பர் சிலிக்கான் கார்பைடு பொடி ஒரு டீஸ்பூன், கொஞ்சம் தண்ணீர். சின்னக் கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாக இருபது நிமிடம் தேய்த்தால் போதும். விளிம்பை முதலிலேயே எமரி பேப்பரால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் விரல் போகும்.

இனி பேக்கிங். லென்ஸை அது பொருத்திய போர்டோடு கழற்றித் தனியாகச் சுற்றவும். ஷட்டரைக் காக் செய்தபடி விடக்கூடாது, ஸ்பிரிங் விறைப்பிலேயே கிடக்கும். லென்ஸ் இருந்த இடத்தில் வெற்றுப் போர்டு. ஸ்டாண்டர்டுகளின் சாய்வு, ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பூட்டி, இரண்டு ஸ்டாண்டர்டுக்கும் நடுவே ஃபோம் கட்டை செருகுங்கள். பூட்டு இளகினாலும் நகராது. கிரவுண்ட் கிளாஸ் மேல் 6 மி.மீ. பிளைவுட் மூடி, கண்ணாடியைத் தொடாமல். பிறகு ஆறு பக்கமும் 5 செ.மீ. ஃபோம் வைத்த 7 பிளை எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி, அதற்கு வெளியே பிளைவுட் பெட்டி. பெட்டி மூடும் முன் உங்கள் கண் முன்னால் ஃபோட்டோ.

பனியன் வேஸ்ட் மலிவு என்று திணிக்காதீர்கள். கேமராவை பிளாஸ்டிக் கவரில் கட்டிய பிறகு வெளியே வைத்தால் சரி. நேரடியாகச் சுற்றினால் பஞ்சுத்தூசி பெல்லோஸ் மடிப்பில் ஏறி, பிறகு ஃபிலிமில் உட்கார்ந்து பிரிண்டில் கறுப்புப் புள்ளியாக வரும். பொள்ளாச்சித் தேங்காய் நாரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பார்சல் போடும்போது சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தையும் கட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், 2007 சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி நஷ்ட ஈடு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 400 ரூபாய் வாடகைக்கு 4,000. சேதம் என்றால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போகவேண்டும், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புவது நல்லது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. உதவி எண் 1915.

இந்த விஷயத்தில் நோட்டீஸ் போய்விட்டது. சர்வீஸ் கடை மட்டும் "கண்ணாடின்னா கண்ணாடிதானுங்களே, எந்தப் பக்கம் போட்டா என்னங்க" என்கிறது. 3,500 ரூபாய் பில்லில் அவர்கள் எழுதிக் கொடுத்தது "கிளாஸ் ஒர்க்" என்ற இரண்டே சொல்.