பழைய பிஎஸ்பி வாங்குமுன் மெமரி கார்டைச் சோதியுங்கள்

இணையத்தில் பழைய பிஎஸ்பி (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்துவிட்டேன்.

'மிட்நைட் கிளப் 3' விளையாடுவதற்காகவே பிஎஸ்பி 3000 ஒன்று வாங்கினேன். 2005இல் வந்த தெருப் பந்தய ஆட்டம். சான் டியாகோவில் தொடங்கி அட்லாண்டா, டெட்ராய்ட் என்று நகரம் நகரமாக ஜெயித்துப் போக வேண்டும். பிஎஸ்பியில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ஆனாலும் எனக்கு அது உயிர். 32 ஜிபி மெமரி ஸ்டிக் (பிஎஸ்பியில் போடும் மெமரி கார்டு), 3600 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) புது பேட்டரி, எல்லாம் அசல் என்றார் விற்றவர்.

மூன்று வாரம் குறையில்லாமல் ஓடியது. டெட்ராய்ட் வரை வந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் கார்டில் நிறையப் பாட்டுகளை ஏற்றினேன். அன்று இரவு ஆட்டத்தைத் திறந்தால், நான் சேமித்திருந்த இடத்தில் 'சிதைந்த தரவு' என்ற வரி மட்டும் நின்றது. அத்தனை கார்களும் போயின. நெஞ்சு பதறிவிட்டது.

கார்டு போலி. உள்ளே இருந்தது 4 ஜிபிதான். 32 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றிவிடுகிறார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் புதிய கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும். கணினியில் பார்த்தாலும் 32 என்றுதான் காட்டும்! கார்டு முழுவதையும் பெரிய கோப்புகளால் நிரப்பி, ஒவ்வொன்றையும் திரும்பத் திறந்து பார்த்தால்தான் குட்டு உடையும். கார்டு கைக்கு வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பேட்டரி மேல் சந்தேகம் வந்தது. பிஎஸ்பி 3000 உடன் வரும் பேட்டரி 1200 எம்ஏஎச். அதே அளவுள்ள பேட்டரிக்குள் மூன்று மடங்கு எப்படி அடங்கும்? பின்மூடியை விரலால் தடவிப் பார்த்தேன், நடுவில் மேடு தட்டுப்பட்டது. மூடியைக் கழற்றினால் பேட்டரி உப்பிக் கிடந்தது. உங்களுடையதும் இப்படி இருந்தால் அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமலே சார்ஜர் ஒயரில் பிஎஸ்பி ஓடும், நான் இப்போது அப்படித்தான் விளையாடுகிறேன்.

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். "அனுப்பும்போது நன்றாகத்தானே இருந்தது" என்று ஒரு வரி வந்தது. திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்திருந்தது. அதன் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை.