டேலியா: விதையா, கிழங்கா?

டேலியாவில் அதே பூ, அதே நிறம், அதே அளவு வேண்டுமென்றால் கிழங்குதான். ‘கஃபே ஓ லே’ போன்ற பெயர் பெற்ற ரகம் விதையில் அப்படியே வராது. தோட்டத்து டேலியாவுக்கு எட்டு குரோமோசோம் தொகுதிகள், மொத்தம் 64. அதனால் ஒரே பூவின் விதைகளில்கூட ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று ஒற்றை அடுக்கு என்று முளைத்து வரும்.

எனக்கு அதுதான் விதையில் பிடித்ததே. மொட்டு விரியும்வரை என்ன நிறமென்று யாருக்கும் தெரியாது! பிடித்துப்போன செடி உங்களிடம் மட்டுமே இருக்கும். முதல் பருவத்திலேயே அது மண்ணுக்கடியில் கிழங்கு வைத்துவிடும். அடுத்த ஆண்டு அதை நட்டால் அச்சு அசலாக அதே பூ.

செலவிலும் விதையே மலிவு. ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும், மூன்று நான்கு மாதத்தில் பூக்கும். நம் சமவெளியில் குளிர்காலப் பூவுக்குப் புரட்டாசியில் விதைக்கலாம்; ஆனால் நாற்றுத் தட்டு மழையில் நனையாத இடத்தில் இருக்கட்டும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கிளை பெருகும்.

கிழங்கு வாங்கினால் தண்டோடு ஒட்டிய கழுத்தில் கண், அதாவது தளிர் கிளம்பும் மொட்டு, இருக்கிறதா என்று பாருங்கள். கண் இல்லாத கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. தளிர் எட்டிப்பார்க்கும்வரை தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அழுகிவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் வாசிகள் இரண்டையும் வளர்க்கலாம். சமவெளியில் கோடை முழுக்கக் கிழங்கைக் காப்பாற்றுவது பெரும்பாடு. அங்கே என் ஓட்டு விதைக்கே.