5,85,000 ரூபாய்க்கு ஏர்பேக் இல்லாத காரைத் தலையில் கட்டிவிட்டார்கள்: யூஸ்டு கார் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோவையில் ஒரு யூஸ்டு கார் ஷோரூம். வழக்குக்குப் போகிறோம், பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டதால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். 2019 மாடல் பெட்ரோல் செடான், முன்னால் இரண்டு ஏர்பேக் உள்ள வேரியன்ட், 5,85,000 ரூபாய். அந்த இரண்டு ஏர்பேக்கும் வண்டியில் இல்லை. பழுதாகிக் கிடக்கிறது என்றால்கூடப் பரவாயில்லை, இல்லவே இல்லை. ஏர்பேக்குக்குப் போகிற மஞ்சள் கனெக்டர் ஒவ்வொன்றிலும் மின்தடை தரும் சிறு பாகமான ரெசிஸ்டரைச் சொருகி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, மேலே மூடியைப் போட்டு விற்றிருக்கிறார்கள். இந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சேலம் பைபாஸில் போயிருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களையும் இப்படித்தான் நம்ப வைப்பார்கள். லேமினேட் செய்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதில் ‘ஏர்பேக்: ஓகே’, ‘சீட் பெல்ட்: ஓகே’, ‘விபத்து: இல்லை’ என்று வரிசையாக டிக். ஏர்பேக் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டதும் விற்பனையாளர் சாவியை ஆன் செய்து மீட்டரைக் காட்டினார். சிவப்பு ஏர்பேக் விளக்கு எரிந்தது, சில நொடியில் அணைந்தது. “பாத்துக்குங்ணா, லைட்டு வந்துட்டுப் போயிருச்சு. கோளாறு இருந்தா நின்னு எரியுமுங்க. எங்கம்மாவையே ஏத்தி ஓட்டிட்டுப் போற மாதிரி வண்டிங்ணா இது” என்றார். விளக்கைப் பற்றி அவர் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. கார் தெரிந்த எவரும் அந்தச் சோதனையைத்தான் செய்வார்கள். அது தெரிந்துதான் அந்தச் சோதனையையே ஏமாற்றும்படி வேலை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தது ஹாரனால். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் ஹாரன் அடிக்காது, ஸ்டீயரிங்கில் இருக்கிற ஆடியோ பட்டனும் செத்துவிடும். இந்த அறிகுறிக்குக் காரணம் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுற்றும்போது ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பின்னால் ஒரு வட்டமான கூட்டுக்குள் பட்டையான ரிப்பன் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஹாரன், பட்டன், ஓட்டுநர் ஏர்பேக் மூன்றுக்கும் மின்சாரம் அந்த ரிப்பன் வழியாகத்தான் போகிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும்போது நடுப்புள்ளி பார்க்காமல் மாட்டினால் ரிப்பன் ஒரு பக்கம் இழுபட்டு அறுந்துபோகும். அதாவது, இந்தக் கோளாறு இருந்தால் யாரோ ஸ்டீயரிங்கில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிறிது நேரம் காத்திருந்து, ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பேடைத் திறந்தால், ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி.

தந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கியர் லீவருக்குக் கீழே, நடு டனலில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் இருக்கும். எஸ்.ஆர்.எஸ். மாட்யூல் என்பார்கள். சாவி போட்டதும் அது ஒவ்வொரு ஏர்பேக்கின் தீப்பொறிச் சுற்றையும் அளந்து பார்க்கும். நல்ல ஏர்பேக்கில் அந்தச் சுற்றின் மின்தடை 2, 3 ஓம் அளவில் இருக்கும். ஏர்பேக் இல்லையென்றால் சுற்று அறுந்ததாகக் காட்டும், விளக்கு அணையாது. அதே அளவு மின்தடை கொண்ட ரெசிஸ்டரை வைத்துவிட்டால், மாட்யூல் எல்லாம் நலம் என்று விளக்கை அணைத்துவிடும். மோதினால் மாட்யூல் சரியாகக் கணக்குப் போடும், கட்டளையும் அனுப்பும். அந்தக் கட்டளை ஏர்பேக்குக்குப் போகாமல் ரெசிஸ்டரைச் சூடாக்கும். நிஜமான ஏர்பேக் சுமார் 30 முதல் 50 மில்லி நொடிக்குள் விரிந்துவிடும், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இந்த வண்டியில் அந்த இடத்தில் ஓட்டுபவரின் நெஞ்சும் ஸ்டீயரிங்கும்தான்.

இதைவிட மோசம் சீட் பெல்ட். முன் சீட் பெல்ட்டுகளில் பிரீடென்ஷனர் இருக்கும். ஏர்பேக் போலவே சிறிய வெடிமருந்து, மோதிய கணத்தில் பெல்ட்டை இழுத்து உடம்பைச் சீட்டோடு பிடிக்கும். ஒருமுறை வெடித்தால் அதோடு சரி, மாற்றியே ஆக வேண்டும். இந்த வண்டியில் அந்தச் சுற்றுகளிலும் ரெசிஸ்டர்தான். பெல்ட் மட்டும் வேறு பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது. பெல்ட்டின் அடிப்பக்கம், பில்லரின் கீழே தைத்திருக்கும் துணி லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். வண்டி 2019, லேபிளில் 2015. டாஷ்போர்டும் அப்படியே. பயணி பக்க ஏர்பேக் வெடித்தால் டாஷ்போர்டு கிழியும். புது டாஷ்போர்டு வாங்காமல், கிழிசலை உள்ளிருந்து ஃபைபரும் ரெசினும் வைத்து அடைத்து, மேலே ரெக்சின் மாதிரி ஒரு தோலை ஒட்டியிருக்கிறார்கள். நிஜமாகவே ஏர்பேக் வைத்தாலும் அந்த ஃபைபர் தட்டை உடைத்துக்கொண்டு அது ஒழுங்காக வெளியே வராது. வருகிற வேகத்தில் ஃபைபர் துண்டுகள் முகத்தில் வந்து பாயும்.

வண்டியின் சரித்திரத்தைத் தோண்டினால் முன்பக்க மோதல். வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் நீளமான லாங் மெம்பர் சட்டங்கள் இரண்டிலும் இழுத்து நேராக்கிய தடம், எஞ்சின் அறையின் பக்கச் சுவரான ஆப்ரனில் கம்பெனி புள்ளி புள்ளியாக வைக்கும் ஸ்பாட் வெல்டுக்குப் பதிலாகக் கிரைண்டர் போட்ட வெல்டு. இப்படி ஒரு வண்டி எப்படிச் சந்தைக்கு வருகிறது? ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸில் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டக் கணக்கு. இரண்டு ஏர்பேக், இரண்டு பெல்ட், மாட்யூல், முன் சென்சார்கள், கிளாக் ஸ்பிரிங், டாஷ்போர்டு என்று கம்பெனி விலையில் கூட்டினாலே சில லட்சம் வருகிறது. நடுத்தர விலைக் காருக்கு ஏர்பேக் வெடித்தாலே பாதிக் கணக்கு முடிந்தது. உடைந்த வண்டி ஏலத்தில் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவுப்படி, அழிந்துபோன அல்லது நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போன வண்டி என்றால் உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். ஆனால் ஏலத்தில் எடுப்பவருக்கு ஆர்.சி. உயிரோடு இருந்தால்தான் லாபம். அதனால் ‘ரிப்பேர் செய்யக்கூடியது’ என்ற பெயரில் ஆர்.சி.யும் உடைந்த வண்டியோடு சேர்ந்தே கைமாறுகிறது. டிங்கரிங், பட்டி, பெயின்ட், ரெசிஸ்டர், ஷோரூம். அமெரிக்க மாநிலங்களில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று முத்திரை விழும், வாங்குபவர் பார்த்துத்தான் வாங்குவார். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு வரி கிடையாது.

அந்த முத்திரை இருந்தும் அங்கேயும் மோசடி நடக்கிறது. ஒருமுறை விபத்தில் சிக்கிய யூஸ்டு கார்களில் ஏர்பேக்கை ஊதி விரிக்கும் இன்ஃபிளேட்டரை மலிவான போலியாக மாட்டியதால், சாதாரணமாகப் பிழைத்திருக்க வேண்டிய விபத்தில் ஓட்டியவர்கள் இறந்திருக்கிறார்கள் என்று 2024இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது. போலி ஏர்பேக்கும் ஆளைக் கொல்லும், ஏர்பேக் இல்லாத ரெசிஸ்டரும் கொல்லும்.

இனி ஷோரூமின் பதில்கள். முதல் போனில் “அப்படியெல்லாம் இருக்காதுங்ணா, வண்டியக் கொண்டாங்க, பாத்துக்கலாம்”. கொண்டுபோனால் “மேனேஜர் லீவுங்க”. போட்டோ அனுப்பினால் வாட்ஸ்அப்பில் நீல டிக், பதில் இல்லை. திரும்ப நேரில் போய் நின்றதும் குரல் மாறிவிட்டது. “நாங்க பார்க் அண்ட் சேல் மட்டும்தானுங்க. வண்டி ஓனரோடது, நாங்க இடம் குடுத்தோம், அவ்வளவுதான். ஓனருகிட்டப் பேசிக்குங்க.” ஓனர் நம்பர் கேட்டால் தர மாட்டார்கள். 5,85,000 ரூபாய் போனது ஷோரூம் கணக்குக்கு, ரசீதும் ஷோரூம் பெயரில். கடைசியில் டெலிவரி நோட்டைத் தூக்கிப் போட்டார்கள்: ‘உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் பற்றிக் கேட்டதற்கு, “அது வெளி ஏஜென்சி குடுத்ததுங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்லைங்க”. அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தானே 5,85,000 வாங்கினீர்கள் என்றால் பதில் இல்லை. “வேணும்னா வண்டிய விட்டுட்டுப் போங்க, மூணு லட்சத்துக்கு எடுத்துக்கறோம்” என்றதுதான் உச்சம். எடுத்து என்ன செய்வார்கள்? அடுத்தவர் தலையில் கட்டுவார்கள்.

‘பார்க் அண்ட் சேல்’ என்ற சாக்கு இப்போது செல்லாது. பழைய வண்டி வியாபாரம் செய்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததையும் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கார் கம்பெனிகள் மீதும் கோபம் இருக்கிறது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம், பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து இரண்டாவது ஏர்பேக் 2021 கடைசிக்குள் எல்லா மாடலுக்கும் கட்டாயம் என்று அரசு சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை பல கம்பெனிகள் பாதுகாப்பை டாப் வேரியன்ட்டோடு கட்டி விற்றன. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022இல் வந்த வரைவும் ஒத்திப்போடப்பட்டுக் கைவிடப்பட்டது. விற்கும்போது ‘எத்தனை ஏர்பேக்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள், ஐந்து வருடம் கழித்து அந்த ஏர்பேக் வண்டியில் இருக்கிறதா என்று வாங்குபவர் பார்க்க எளிய வழி ஒன்றைத் தர வேண்டாமா? மாட்யூலின் சீரியல் எண் சேஸிஸ் எண்ணோடு பொருந்துகிறதா, அதில் மோதல் பதிவு ஏறியிருக்கிறதா என்று அங்கீகாரச் சர்வீஸ் சென்டரில் சிறு கட்டணத்துக்குச் சொல்லலாம். மோதல் பதிவை அழித்துக் கொடுக்கத் தனிக் கடைகளே ஓடுகின்றன. கம்பெனி மட்டும் கண்டுகொள்வதில்லை.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நிதானமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, மனு வேலை கிடக்கிறது. இதை மட்டுமாவது பாருங்கள்.

ஏர்பேக் விளக்கு வந்து போனதை நம்பாதீர்கள். எஞ்சினை மட்டும் படிக்கிற 500 ரூபாய் புளூடூத் ஸ்கேனர் இதற்கு உதவாது, எஸ்.ஆர்.எஸ். மாட்யூலைப் படிக்கிற ஸ்கேனர் உள்ளவரைக் கூட்டிப் போங்கள். சில மாடல்களில் ஒவ்வொரு சுற்றின் மின்தடையும் திரையில் வரும். எல்லாவற்றிலும் ஒரே எண் அச்சடித்த மாதிரி வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

முன் இரண்டு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்து லேபிள் தேதியைப் பாருங்கள். பக்கிள் காம்பு ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் பிரீடென்ஷனர் வெடித்த வண்டியாக இருக்கலாம். டாஷ்போர்டை விரலால் தட்டிப் பாருங்கள், பயணி பக்கம் மட்டும் கெட்டியாகவோ சொரசொரப்பு மாறியோ இருக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி ஹாரன் அடியுங்கள்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் பெயின்ட் கேஜ் எடுத்துப் போங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான், பட்டி போட்ட இடத்தில் பல நூறு காட்டும்.

பழைய உரிமையாளரின் கடைசி இரண்டு, மூன்று பாலிசிகளைக் கேளுங்கள். தொடர்ந்து ஒருவரிடமே இருந்த வண்டிக்கு என்.சி.பி. (கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 35, 45 சதவீதம் என்று ஏறி வந்து திடீரென்று பூஜ்யம் ஆகியிருந்தால் அந்த வருடம் கிளெய்ம் போயிருக்கிறது. ஆள் மாறினால் என்.சி.பி. பூஜ்யமாவது சாதாரணம், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் வந்தால் நீங்களே ஹாரன் பேடைத் திறக்காதீர்கள், மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் வைக்காதீர்கள். உள்ளே நிஜமான ஏர்பேக் இருந்தால் மீட்டரின் மின்சாரமே அதை வெடிக்க வைக்கக்கூடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் தெரிந்தவர் கை வைக்க வேண்டும். திறப்பதை முழுதாக வீடியோ எடுங்கள், ரெசிஸ்டரைப் பிடுங்காமல் அப்படியே வையுங்கள், அதுதான் சாட்சி.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் ஊரிலேயே மனு போடலாம், காலக்கெடு இரண்டு வருடம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எங்கள் 5,85,000 ரூபாய்க்கு 200 ரூபாய். ஷோரூம் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எங்களிடம் அதைத்தான் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார்கள்.