மலிவு செமி ஹாலோ கிட்டாருக்குப் புது கீ, புது பிக்கப்: எதற்கு முதலில் செலவு செய்யலாம்?

எப்பிஃபோன் டாட், ஐபனீஸ் ஆர்ட்கோர் மாதிரியான செமி ஹாலோ (நடுவில் கட்டை, இருபுறமும் உள்ளே வெற்றிடம்) கிட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற நினைப்பது ஸ்ட்ரிங்கை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீயைத்தான். வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஸ்ட்ரிங்கை முறுக்கும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தால், ஸ்ட்ரிங்கானது நட்டின் (கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்குகிறது, கீயில் குறை இல்லை. பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் குரோவர் ரோட்டோமேட்டிக் 18:1 கீ (18 முறை திருகினால்தான் ஸ்ட்ரிங் சுற்றும் தண்டு ஒரு சுற்று சுற்றும்) நல்ல சரக்கு. பழைய 14:1 கீயைவிட மெல்ல நகர்வதால் சுருதி துல்லியமாக நிற்கும். பல்சக்கரம் மூடிய கூட்டுக்குள் கிரீஸோடு இருக்கிறது. வடசென்னையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை வீசும் உப்புக்காற்றில் திறந்த கீ துருப்பிடித்துவிடும், அதனால் இங்கே இது பெரிய விஷயம். ஹெட்ஸ்டாக்கில் (கீ பொருத்தியிருக்கும் தலைப்பகுதி) உள்ள துளை 10 மி.மீ. இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். பழைய ஸ்க்ரூ ஓட்டை புதியதோடு ஒத்துவராவிட்டால், பல்குச்சியை ஃபெவிகாலில் நனைத்து அடைத்து, காய்ந்தபின் புதுத் துளை போடுங்கள். ஸ்க்ரூவில் சோப்புத் தடவாமல் திருகினால் தலை முறிந்து மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். இந்தக் கீயின் ஒரே குறை அதன் எடை: தலைப்பக்கம் கொஞ்சம் சாயும்.

சத்தம் மாறுவது, ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பில். சீமோர் டங்கன் ’59 ஜோடி இந்த வகைக் கிட்டாருக்கு நன்றாகப் பொருந்துகிறது: ராயபுரம் தேவாலயப் பாட்டுக்குழுவுக்கு நெக் (கழுத்து) பக்கப் பிக்கப் தெளிவாக, கானா மேடைக்கு பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கின் கீழ்முனை) பக்கப் பிக்கப் கூர்மையாக. நான்கு கம்பி வகையையே வாங்குங்கள். கறுப்பு சிக்னல், பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி, சால்டர் வைத்து, டேப் சுற்ற வேண்டும். ஸ்விட்ச்சை நடுவில் வைக்கும்போது சத்தம் மூக்கடைத்த மாதிரி மெலிந்தால் இரண்டு பிக்கப்பும் எதிர்க் கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னலை மற்றது அழிக்கிறது. ஒன்றில் மட்டும் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஒற்றைக் கம்பி வகையில் இதற்கு வழியில்லை.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களை வெளியே எடுக்க இருக்கும் ஒரே வழி, மேற்பலகையில் ‘f’ வடிவில் இருக்கும் எஃப் துளை. பாட்டை இறுக்கும் திருகு நட்டைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு தண்டிலும் நூல் கட்டுங்கள், அல்லது கொளத்தூர் வண்ணமீன் கடையில் பிளாஸ்டிக் டியூப் வாங்கி மாட்டுங்கள். சாதாரண 4 மி.மீ. ஏர் டியூப் 6 மி.மீ. தண்டில் ஏறாது; உள்விட்டம் 5 மி.மீ. இருந்தால் வெந்நீரில் முக்கினால் ஏறிவிடும். வேலை முடிந்தபின் அதைப் பிடித்து இழுத்தால் பாட் தன் ஓட்டைக்கே வந்து நிற்கும்.

பழைய பாட் 500 கிலோ ஓம் என்றால் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பெரிய சிடிஎஸ் நிறுவனப் பாட் போடுவதற்கு ஓட்டையை 9.5 மி.மீ.க்கு அகலப்படுத்த வேண்டும், பிளைவுட் மேற்பலகை சிதறும். சால்டரிங்குக்கு 40 வாட் இரும்பு எடுங்கள். 25 வாட்டில் பாட் முதுகு சூடேறாது, ஈயம் ஒட்டியது போலத் தெரிந்து பிறகு கழன்றுவிடும். கிட்டார் மேல் தடித்த துணி விரித்துவிட்டே வேலை செய்யுங்கள்.

எல்லாவற்றையும் உள்ளே தள்ளுவதற்கு முன், வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிள் செருகும் ஜாக்கில் மல்டிமீட்டரை வையுங்கள். நெக் 7.3, பிரிட்ஜ் 8, நடுவில் 3.8 கிலோ ஓம் வாக்கில் காட்டினால் வயரிங் சரி. நெக்கிலோ பிரிட்ஜிலோ மட்டும் பாதியாகக் காட்டினால் சிவப்பு-வெள்ளை முடிச்சு கிரவுண்டைத் தொடுகிறது. 500 காட்டினால் அந்தப் பிக்கப் இணையவே இல்லை.

ஸ்ட்ரிங் மாட்டியபின் கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடைவெளியைத் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. வையுங்கள். இரண்டு நாள் கழித்துக் கீயின் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்குங்கள்.